புரியாமல் தூக்கிய கை

மூலக்குளம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"எங்க படகு நிறுத்துன கரையப் பறிச்ச சட்டத்துக்கு எங்க அக்கா வூட்டுக்காரரே கை தூக்கிட்டாருடி."

"சட்டசபைக்கு உங்க ஊருதானே அவர அனுப்புச்சு? ஏங்க்கா அப்படி செஞ்சாரு?"

"பிரெஞ்சுக்காரன் போனப்புறமும் அங்க பிரெஞ்சுலதான் பேசுனாங்களாம். இவருக்கு ஒண்ணும் புரியல. கேக்க வெக்கம். எல்லாரும் தூக்குனாங்க, இவரும் தூக்கிட்டாரு."

"அப்புறம்?"

"விஷயம் தெரிஞ்சதும் பதவிய விட்டுட்டாரு. எங்க வைத்திக்குப்பத்துல வூடு வூடா வந்து மன்னிப்பு கேட்டாரு. ஒருத்தரும் கதவத் தொறக்கல."

"நீ?"

அவள் கூடையின் மேலிருந்த ஈரச் சாக்கை இழுத்து மூடினாள்.

"உள்ளதான் இருந்தேன். மாமா கூப்புட்ட குரல் கேட்டுச்சு. நானும் தொறக்கல."