ஐஸ் வண்டியில் ஒரு செருப்பு

பிள்ளைகள் துப்பறிகிற படத்தில் இடைவேளையை எங்கே விடுவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது சார். பலருக்கு அது தெரிவதில்லை. முதல் பத்து நிமிஷத்தில் ஏதாவது காணாமல் போக வேண்டும். பிள்ளைகள் தடயம் தேட வேண்டும். இடைவேளையில் தப்பான ஆள் ஒருவர் மாட்ட வேண்டும். இரண்டாம் பாதியில் அவர் அப்பாவி என்று தெரிய வேண்டும். நிஜக் குற்றவாளி கூடவே இருந்து ஒத்தாசை செய்த மனிதராக இருப்பார். கடைசியில் எல்லாவற்றையும் அவரே தன் வாயால் சொல்வார். பிள்ளைகள் சுற்றி நின்று கேட்பார்கள்.

இதை நான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் பெயர் அய்யாத்துரை, வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன். ராயகிரி வரைக்கும் என் கேமரா போகாத மண்டபம் கிடையாது. பிறகு ட்ரோன் வைத்த பையன்கள் வந்தார்கள், என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது. நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவி பாலம்மாள் போய்ச் சேர்ந்தாள். மகள் ப்ரியதர்ஷினி சென்னையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதோடு அந்த வாரத்தின் பேச்சு முடிந்துவிடும். சில நாள் சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று.

போன வருஷம் பெரிய லீவில் அபிதா வந்து கதவைத் தட்டினாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, கூர்மையான கண். கூட பிரவின்ராஜும் எப்சிபாவும். எப்சிபாவின் இடுப்பில் அவள் தம்பி பிரின்ஸ், ஆறு வயசு. யூடியூபில் போட ஒரு துப்பறியும் படம் எடுக்கப் போகிறார்களாம், என் பழைய கேமரா வேண்டுமாம். கேமராவைக் கொடுத்துவிட்டால் போய்விடுவார்கள் என்று தோன்றியது. முதலில் கதை எழுதுவோம் என்றேன்.

இரண்டு மாதம் தினமும் வந்தார்கள் சார். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சாயங்காலம் வந்தார்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். பனவடலிசத்திரத்திலிருந்து வெள்ளத்துரை என்று ஒருவர் மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். தினமும் நாலு குச்சி ஐஸ் அவரிடம்தான் வாங்குவேன். சாதுவான ஆள். பிரின்ஸுக்குச் சேமியா ஐஸ் பிடிக்கும் என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பார்.

ஒருநாள் அபிதா கேட்டாள். “தாத்தா, வில்லன் எதுக்கு கடைசில எல்லாத்தையும் அவனாவே சொல்லுதான்? பேசாம இருந்தா தப்பிச்சிரலாம்லா?”

“அவன் சொல்லுததையும் யாராவது உக்காந்து கேக்கணும்லா மக்கா” என்றேன்.

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லாவற்றையும் எழுதுகிற பிள்ளை.

கதை முடிகிற நேரம் வந்தது. குற்றவாளி யார் என்ற பக்கம் மட்டும் காலியாக இருந்தது. அதை எழுதிவிட்டால் படம் எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் வரமாட்டார்கள். அன்றைக்கு ஐஸ் சாப்பிடும்போதே பிரவின்ராஜ், அடுத்த வாரத்திலிருந்து கிரிக்கெட் கோச்சிங் என்றான்.   பிள்ளைகளுக்கு ஒரு நிஜத் துப்பு கிடைத்தால் கோச்சிங்குக்குப் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். இதில் தப்பு என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை பிரின்ஸின் செருப்பு வார் என் வீட்டில் வைத்து அறுந்தது. நீல இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டினேன். ஒட்டும்போது அபிதா பக்கத்தில் நின்றாள். டேப் பிடிக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டேன். எப்சிபா தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. எப்சிபாவின் அப்பா அம்மா கடைக்குப் போன பிறகு, அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, பதினொரு மணிக்குப் பிரின்ஸைக் கூப்பிட்டேன். ஷூட்டிங் என்றதும் குதித்து வந்தான். ஊரில் மூடிக் கிடக்கிற ஒரு தியேட்டரில் ஆபரேட்டர் அறையின் சாவி என்னிடம் இருந்தது. பழைய சாமான்களை அங்கேதான் போட்டு வைத்திருந்தேன். ஸ்கூட்டரில் கூட்டிப்போய், பாய் விரித்து, பிஸ்கட் கொடுத்தேன். பயப்படாமல் தூங்கட்டும் என்று பாலில் மருந்தும் கலந்தேன். தூங்குவதற்கு முன்னால் அவனுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தேன். யார் கேட்டாலும், அம்மா கேட்டாலும், அதைத்தான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் படம் கெட்டுப்போகும் என்றேன். பத்துத் தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு வெளியே பூட்டிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஐஸ் வாங்கும்போது செருப்பை வெள்ளத்துரையின் பக்கப் பையில் போட்டேன். அவர் சில்லறை எடுக்கக் குனிந்திருந்தார். இன்னைக்கு மூணு போதுமா அண்ணாச்சி, சின்னவனைக் காணோமே என்றார். போதும் என்றேன்.

பிள்ளைகள் ரொம்ப நன்றாகச் செய்தார்கள். தம்பியைக் காணோம் என்று எப்சிபா அழுதுகொண்டு வந்தபோது, தெருவுக்குள் வந்த வண்டிகளைப் பார்த்தீர்களா என்று மட்டும்தான் கேட்டேன். அரை மணி நேரத்தில், தெருக்கோடியில் நின்ற ஐஸ் வண்டியின் பையில் செருப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையிலேயே பிரின்ஸ் வந்து செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு போனான் என்று எப்சிபாவிடம் சொன்னேன், அவள் அதை நம்பினாள். தடயத்தைத் தொடக்கூடாது, படம் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே பிரவின்ராஜ் படம் பிடித்தான். அது அவன் அப்பாவின் போன். அங்கேதான் கதை கைமாறிவிட்டது.

அவர் அந்தப் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ சேர்த்து எழுதினார்கள். வெள்ளத்துரைக்கு ஒன்றும் தெரியாது, வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருந்தார். பைக்கில் போனவர்கள் வழியிலேயே மறித்தார்கள். அதையும் எனக்குப் போனில் அனுப்பினார்கள், வீடியோவாக. யார் எடுத்ததோ, கை ஆடிக்கொண்டே இருந்தது. அவரைப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். கட்டையும் கம்பியுமாக ஆட்கள் நின்றார்கள். சேமியா ஐஸ் கொடுத்தேன், வேற ஒண்ணும் தெரியாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது மணி மூன்று. போன் என் கையில் இருந்தது. சாவி சட்டைப்பையில் இருந்தது. பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகள் அப்போது என் வீட்டில் இருந்தார்கள். அபிதா தரையில் தெருப்படம் வரைந்துகொண்டிருந்தாள், பிரவின்ராஜ் கோச்சிங்கை மறந்தே போயிருந்தான். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி என்னை யாரும் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்களுக்கு டீ போட்டேன்.

ஊரில் பூட்டிக் கிடக்கிற இடமெல்லாம் தேடுங்கள் என்று மட்டும் சொன்னேன், ஐந்தரை மணிக்கு அவர்களே தியேட்டரைக் கண்டுபிடித்தார்கள். முன்னாலேயே போய்ப் பூட்டைத் திறந்து வைத்திருந்தேன். பிரின்ஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். கூட்டத்துக்கு நடுவில் அவன் அம்மா கேட்டார், யார் உன்னைக் கூட்டிப்போனது என்று. பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தெளிவாகச் சொன்னான், “ஐஸ் மாமா.” ஒரே டேக்.

வெள்ளத்துரை அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே இறந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அடித்தவர்களில் நாலு பேர் மேல் கேஸ் இருக்கிறது. பிள்ளையைக் கடத்தியவர் என்று வெள்ளத்துரையின் பெயர் அப்படியே இருக்கிறது. பதினாறாம் நாள் கழிந்து அவர் மனைவி பூமாரி எங்கள் தெருவுக்கு வந்தார். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. நான் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

“நீங்க தெனமும் அவருகிட்ட வாங்குவியளாமே. அவரு அப்படிப்பட்ட ஆளா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

இல்லம்மா, தங்கமான மனுஷன் என்றேன். பொய் சொல்லவில்லை. அழுதார், ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

பிள்ளைகளும் வரவில்லை சார். ஊரில் எல்லோரும் பயந்து பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். எட்டு மாதம் காத்திருந்தேன். நல்ல கதையில் குற்றவாளி ஒரு தடயத்தை விட்டுவைப்பான். நானும் வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். அந்த நீல டேப். செருப்பு என் வீட்டில் இருந்தது அபிதாவுக்குத் தெரியும். அவள் வருவாள், விரலை நீட்டுவாள், நான் எல்லாவற்றையும் சொல்வேன் என்று நாற்காலிகளைத் துடைத்து வைத்தேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நின்றது, நான் வீட்டை விட்டு நகரவில்லை.

போன வியாழக்கிழமை ஜன்னல் வழியாக அந்தக் கதை நோட்டு உள்ளே விழுந்தது. எழுந்து பார்ப்பதற்குள் சைக்கிள் போய்விட்டது. காலியாக இருந்த பக்கத்தில் என் பெயர் எழுதியிருந்தது, அபிதாவின் கையெழுத்தில். கீழே ஒரு வரி. செருப்பு உங்க வீட்லதான் இருந்துச்சு, எனக்கு அன்னைக்கே தெரியும், சொல்ல பயமா இருந்துச்சு, இனிமே எங்க தெருவுல நீங்க இருக்காதீங்க.

அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள் சார். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை பாருங்கள். கடைசிக் காட்சிக்கு என் வீடு வேண்டாம், வேறு இடம் வையுங்கள் என்கிறாள். அதனால்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்களிடம் சொன்னது ஒத்திகை மாதிரிதான், அவர்கள் வந்ததும் முதலிலிருந்து நிதானமாகச் சொல்கிறேன். நாலு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள். பிரின்ஸுக்குச் சின்னதாக ஒன்று. இவ்வளவு தூரம் கண்டுபிடித்த பிள்ளைகள், கேட்க வராமல் இருக்க மாட்டார்கள்.