நான்கு விரல் வெட்டு

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பொல்காவலையிலும் மாகோவிலும் பத்தொன்பது வருடம் புகையிரத நிலைய அதிபராக இருந்தவன். ஓய்வு பெற்றுச் சுன்னாகத்துக்கு வந்த பிறகும், ஊரில் யாருக்காவது சிங்களத்தில் கடிதம் வந்தால் தில்லைநாதன் மாஸ்ரரிடம் கொண்டு போ என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆகவே ஐயா, என் தம்பி முருகேசுவின் விடயத்தில் மொழி விளங்காமல் ஏதோ நடந்துவிட்டது என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுத வேண்டாம். எல்லாம் விளங்கித்தான் நடந்தது.

தம்பி வெங்காயத் தோட்டக்காரன். கலியாணம் கட்டவில்லை, எங்களோடுதான் இருந்தான். வேறெதற்கோ எடுத்த ஸ்கானில் வயிற்றுப் பெருநாடி வீங்கியிருப்பது தெரிந்தது. இதயத்திலிருந்து கீழே இறங்கும் அந்தப் பெரிய இரத்தக் குழாய் வெடித்தால் ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது என்றார்கள். வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும். பதினான்காம் திகதி சத்திரசிகிச்சை என்று முடிவாயிற்று.

டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளம் மனிதர். தமிழ் தெரியாததற்கு வெட்கப்பட்டார். தாதியைக் கூப்பிடப் போனவரை மறித்து, நானே சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு காகிதத்தில் வயிற்றைக் கீறிக் காட்டினார். ஒன்று, நெஞ்செலும்பின் அடியிலிருந்து அடிவயிறு வரை நீள வெட்டு. எழும்பி நடமாட இரண்டு மாதமாவது செல்லும், பக்கத்தில் ஆள் வேண்டும். மற்றது, தொப்புளுக்கு மேலே நான்கு விரல் வெட்டு. உள்ளே வேலை அதே வேலைதான், ஆனால் ஒரு கிழமையில் வீட்டுக்குப் போய்த் தன் அலுவலைத் தானே பார்க்கலாம். தம்பிக்கு வீக்கம் சிறுநீரக நாடிகளை ஒட்டித் தொடங்குவதால் சின்ன வெட்டில் கைக்கு இடம் போதாது, இரத்தம் பெருகினால் பெரிதாகத் திறப்பதற்குள் காலம் கடந்துவிடும் என்றார். தன் எண்ணம் பெரிய வெட்டுத்தான். நோயாளி பிடிவாதமாக மற்றதைக் கேட்டால் முயன்று பார்க்கலாம், அவரைக் கேளுங்கள் என்றார்.

நான் தம்பியிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் பதில் சொன்னான். நான் டொக்டர் பக்கம் திரும்பி, சின்ன வெட்டுத்தான் வேண்டுமாம், பெரிய வெட்டென்றால் இப்போதே வீட்டுக்குப் போய்விடுவானாம் என்றேன். டொக்டர் அவன் முகத்தையே பார்த்தார். பெரிய வெட்டுக்குச் சம்மதமா என்று இன்னொரு முறை கேட்கச் சொன்னார். நான் தம்பியிடம், பசிக்கிறதா என்று கேட்டேன். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். மகள் தனுசியா ரொறன்ரோவில் இருக்கிறாள். முதல் பிள்ளை, எட்டாம் மாதம், இரத்த அழுத்தம் வேறு. இரண்டு தரம் மறுத்த விசா மூன்றாம் தரம்தான் கிடைத்தது. இருபத்தாறாம் திகதி விமானம். என் மனைவி பூரணம் கொழும்புக்கே தனியாகப் போனதில்லை. மகள் ஒவ்வொரு நாளும் போனில் அழுதாள். தம்பிக்கோ எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நான் என்ன செய்ய? யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு கிழமை என்று டொக்டர் சொன்னபோதே மனதுக்குள் திகதியை எண்ணிவிட்டேன். அதைத் தவிர வேறு கெட்ட எண்ணம் எனக்கு வரவில்லை.

தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது தம்பி என் கையைப் பிடித்தான்.

"டொக்டர் விரும்பின மாதிரித்தானே செய்யினம், அண்ணை?"

"ஓம். நீ பயப்பிடாதை," என்றேன்.

இரத்தம் பெருகியது. பெரிதாகத் திறந்தார்கள். காலம் கடந்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் நின்று, மூன்றாம் நாள் போய்விட்டான். டொக்டர் வெளியே வந்து, நோயாளி கேட்டார் என்பதற்காக நான் இணங்கியிருக்கக் கூடாது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்ற பூரணம் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அனுதாபம் சொல்கிறார் என்றேன்.

ஊரார் சும்மா விடவில்லை. புது முறை பழக எங்கள் ஆளின் வயிறுதானா கிடைத்தது என்று மனு எழுதினார்கள். கூடப்பிறந்தவன் என்பதால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம். அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? போட்டேன். இப்போது அந்த டொக்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவருக்கும் கைக்குழந்தை இருக்கிறதாம். கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

தம்பி அன்று சொன்ன பதில் இதுதான். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

"எனக்கென்ன தெரியும், அண்ணை. டொக்டர் எது நல்லதெண்டு நினைக்கிறாரோ, அதைச் செய்யட்டும்."

அதை நான் டொக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான்.

இதை இன்றே தட்டச்சுச் செய்து கையெழுத்து வாங்கிவிட்டால் பெரிய உதவி, ஐயா. டிக்கெட்டை வரும் இருபத்தெட்டாம் திகதிக்கு மாற்றியிருக்கிறோம். பேரன் பிறந்துவிட்டான், அவனுக்கு முருகேசு என்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொள்ளி வைத்ததிலிருந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை எல்லாவற்றையும் நானே நின்று முறைப்படி செய்தேன். என் தம்பிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.