பாவித்ததா, புதியதா?

புதுச் சாமானுக்கு அலைகிறவன் அல்லன் நான். இங்கே சுவிஸில், ஊஸ்டர் நகரில், என் கார், கட்டில், குளிர்பெட்டி எல்லாமே ஒருவர் பாவித்து விற்றவைதாம். அதனால்தான் ரிவோல்வர் விஷயத்தில் இரண்டு கிழமை யோசித்தேன். விசாரணைக்கு மொழிபெயர்க்க வருகிற வரதராசா என் சொற்களை மழுக்கிவிடுகிறார். ஆகவே, விசாரணை அதிகாரி அவர்களே, இதை என் கைப்படத் தமிழில் எழுதித் தருகிறேன்.

கடைக்காரக் கிழவர் முதலில் பாவித்த ஒன்றைக் காட்டினார். யாரோ வங்கிக்காரரிடம் இருந்ததாம், வருடத்தில் நாலு தரம்தான் சுட்டிருப்பாராம். நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எவன் தொட்டதோ, என்ன தோஷத்தோடு வந்ததோ. பாவித்த கூறைச்சேலையை யாராவது வாங்குவார்களா? நல்ல காரியத்துக்குப் புதிதுதான் வேண்டும். புதிதையே எடுத்தேன். நான் சுவிஸ் குடிமகன், அனுமதிப் பத்திரம் ஒழுங்காகவே இருந்தது.

காரியம் இதுதான். 2014 வைகாசியில் என் தங்கை மனோகரியின் மகள் ரிஷானி வயதுக்கு வந்ததற்குச் சாமத்தியச் சடங்கு. தண்ணீர் வார்ப்பது தாய்மாமன் உரிமை. மனோகரிக்கு நான் ஒரே தமையன். அவளுடைய புருஷன் நித்தியானந்தன், அந்த மானங்கெட்டவன், தன் கூட்டாளி ஒருவனை மாமனாக நிறுத்தினான். நானூறு பேர் இருந்த சபையில் என் மூக்கை அறுத்தான். கேட்டதற்கு மெல்லச் சொன்னான்:

“குறை நினையாதேங்கோ மச்சான். பிள்ளை உங்களைக் கண்டாலே நடுங்குது.”

பச்சைப் பொய். ஒருமுறை அவர்கள் வீட்டுக் கதவை உடைத்தேன், ஒருமுறை மனோகரிக்குக் கை நீட்டினேன், அவ்வளவுதான். அடிக்கிற கைதான் அணைக்கும்.

புதுக் கார் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோவோம் அல்லவா? அதேபோல ரிவோல்வரையும் பெட்டியை மூடியபடி கொண்டுபோனேன்.

“ஆற்றை பேருக்கு அர்ச்சனை?” என்று ஐயர் கேட்டார்.

“ரிஷானி, மக நட்சத்திரம்.”

பெட்டிமேல் சந்தனம் வைத்துத் தந்தார். அவள் பேர் எழுதிய அர்ச்சனைத் துண்டுச் சீட்டை உள்ளேயே வைத்துவிட்டேன். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு வாங்கியது, தவறி வெடித்தது என்று என் சட்டத்தரணி சோடித்த கதையை அந்தத் துண்டுதான் கெடுத்தது. விளையாட்டுத் துவக்குக்கு மருமகள் பேரில் ஏன் அர்ச்சனை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நித்தியானந்தன்தான் கதவைத் திறந்தான்.

“வாங்கோ மச்சான். சாப்பிட்டிட்டீங்களோ?”

இரண்டு குண்டு போதுமாயிருந்தது. ரிஷானி படியில் நின்று பார்த்தாள். அவள்மேல் ஒரு கீறல்கூடப் படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓம், நான்தான் கொன்றேன். இனி அவள் தகப்பனில்லாத பிள்ளை. கலியாணத்தில் அவளைத் தாரைவார்த்துக் கொடுக்கத் தாய்மாமன்தானே நிற்கவேண்டும்? அந்த ஒரு நாளுக்கு என்னை வெளியே விடும்படி இப்போதே விண்ணப்பிக்கிறேன். மூன்று கடிதம் போட்டுவிட்டேன், அவளிடமிருந்து பதில் இல்லை. பெரிய பிள்ளையாகிவிட்டாள், மாமனோடு கதைக்கக் கூச்சமாக்கும்.