சுவருக்கு இந்தப் பக்கம்

ஹோம் தியேட்டரில் பேஸ், அதாவது கனத்த அடி ஒலி, தரும் சப்வூஃபர் பெட்டியைப் பலரும் இடம் கிடைத்த மூலையில் தள்ளிவிடுகிறார்கள், சார். அது தப்பு. முதலில் பெட்டியை நாம் உட்காரும் சோபாமேல் ஏற்றி ஓடவிட வேண்டும். பிறகு தரையில் தவழ்ந்துபோய், பேஸ் எங்கே கொழகொழக்காமல் கெட்டியாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை இறக்க வேண்டும்.

நான் தவழ்ந்ததை அண்ணன் பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து பார்த்தார்.

"என்னடா, இந்த வயசுல தவழுற? பல்லு முளைக்குதா?"

சிரித்தேன். மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்தவர். லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கழுவிவிடுவது, புரட்டிப்போடுவது எல்லாம் நான்தான். சளி அடைத்தால் அவருக்குக் குரல் வராது. டம்ளரால் சுவரைத் தட்டுவார். போய்த் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்டினால் மூச்சு வந்துவிடும்.

பேஸ் நன்றாக விழுந்த இடம் அவர் கட்டிலை ஒட்டிய சுவரோரம். அறையின் வாகு அப்படி, நான் என்ன செய்ய?

"டேய், உன் பெட்டி என் நெஞ்சுல உலக்கை போடுதுடா. கொஞ்சம் தள்ளி வையேன்."

"பழகிடும்ணே," என்று கதவைச் சாத்தினேன்.

அடுத்து அதிர்வு தேடும் வேலை. கனத்த ஒலி ஒன்றை அடியிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், அறையில் தளர்ந்து கிடப்பதெல்லாம் கடகடக்கும். ஜன்னல் கண்ணாடிக்கு ரப்பர் கொடுத்தேன். ஃபேன் மூடியை இறுக்கினேன். இன்னும் எதுவோ டக் டக் என்றது. அலமாரியைக்கூடக் காலி செய்து பார்த்தேன். அது இல்லை. இப்படிப் பிடிபடாதபோது ஒலியை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதிர்வாக இருந்தால் கூடவே நின்றுவிடும்.

நிறுத்தினேன். அது நிற்கவில்லை.

அப்போதே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒலி முழுதும் ஏறி முடிந்தபோது எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. அறை சுத்தமாக இருந்தது.

அப்புறம் ஒரு படம் போட்டேன். ஒவ்வொரு அடியும் துல்லியமாக விழுந்தது.

அண்ணன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, சார். ஒரு படத்தையாவது நடுவில் எழுந்து போகாமல் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.