ஏனென்று தெரியாமல் நின்ற பற்றரி

அவைக்கு அணிசேர்க்கும் ஆரையம்பதி மீனவர் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி ஐயா அவர்களே, வாவியையே வாழ்வாக்கிய பெரியோர்களே, கொளுத்தும் வெயிலிலும் குளிர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் தாய்மார்களே, உலைமுன் என்னோடு நின்று உருகிய ஆய்வுத் தோழர் நளீர் அவர்களே! வாவிக்கரை வணக்கம்.

உப்பிலிருந்து உந்துவிசை எடுத்த உத்தமி என்று தலைவர் என்னைப் புகழ்ந்தார். இந்த றஞ்சிதா உத்தமியல்ல, ஐயா. ஒரு வருடமாகக் குழம்பிக் கிடக்கும் இரசாயன ஆய்வாளர்!

தோணி மோட்டாருக்காக நாங்கள் செய்யும் சோடியம் பற்றரியின் நேர்முனையில் மங்கனீசு ஒட்சைட்டு அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகளின் நடுவே சோடியம் குடியிருக்கும். மின்னேற்றினால் வெளியேறும், மோட்டார் ஓடினால் திரும்பி வரும். போகும், வரும், போகும், வரும். ஒவ்வொரு போக்கிலும் அடுக்கு வழுக்கும், வளையும், வெடிக்கும். பற்றரி சோர்ந்து சாகும். அதனால் மங்கனீசில் சிறிது குறைத்து, அந்த இடத்தில் மக்னீசியத்தை வைத்தோம். இதற்கு மாசூட்டல் என்று பெயர்.

என்னம்மா? "மாசு எண்டா ஊத்தைதானே" என்கிறீர்களா? ஓம், ஊத்தைதான். ஆனால் அடுக்கைத் தாங்கிப் பிடிக்கும் ஊத்தை!

எத்தனை முறை மின்னேற்றியும் முதற் பற்றரி வலுக் குறையாமல் நின்றது. துள்ளினோம்! அதே கலவையை, அதே அளவில், மறுபடி செய்தோம். அதன் வலு மளமளவென்று விழுந்தது. இன்னொன்று செய்தோம். அதுவும் விழுந்தது.

"றஞ்சிதா, நாம கண்டது மெய்யா, மயக்கமா?" என்றார் நளீர்.

"எனக்கும் விளங்குதில்ல" என்றேன்.

அந்த வேளையில் வந்தார், இதோ முன்வரிசையில் இருக்கும் சீனித்தம்பி அண்ணன். மண்ணெண்ணெய் மோட்டார்ப் புகையால் இழுப்பு வந்து, தொழிலை விட்டு வீட்டில் இருந்தவர்.

"அந்த முதற் பற்றரியத் தா புள்ள. நான் வாவிக்குப் போகணும்."

"நடு வாவியில மோட்டார் நிண்டு போனா என்னண்ணே செய்வீங்க?"

"வீட்டுக்குள்ள நிண்டுபோய்க் கிடக்கிறனே, அது மட்டும் நல்லமா?"

நான் கொடுக்கவில்லை. அவர் என் முகம் பாராமல் போனார். கொடுத்திருக்க வேண்டுமா, கூடாதா? அதிலும் குழப்பம்.

பிறகுதான் நளீருக்கு நினைவு வந்தது. முதல் தடவை கரண்ட் போனதால் கலவையை உலையிலிருந்து சுடச்சுட வெளியே எடுத்திருந்தார். மற்றவை உலைக்குள்ளேயே மெல்ல ஆறியவை. அப்படியென்றால் தாங்கியது மக்னீசியமா, சட்டென்ற குளிர்ச்சியா? ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்தோம், விழுந்தது. இரண்டையும் சேர்த்தோம், நின்றது! மறுபடி சேர்த்தோம், மறுபடியும் நின்றது!

ஏன் நின்றது? அவையோரே, முழுதாய்த் தெரியாது! எப்படிச் செய்தால் நிற்கும் என்று தெரியும். ஏன் நிற்கிறது என்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், இந்தப் பற்றரியை நம்பி உங்கள் உயிரை ஒப்படையுங்கள் என்று எந்த நாவால் நான் கேட்பேன்?

சொல்லிவிட்டேன். சீனித்தம்பி அண்ணே, அப்படிச் செய்த பற்றரி இப்போது உங்கள் தோணியில் இருக்கிறது. கூட்டிவைத்த சங்கத்துக்கும் குழப்பத்தைப் பொறுத்த உங்களுக்கும் நன்றி.

என்னண்ணே கேட்கிறீர்கள்? "நீயும் ஏறுவியா புள்ள?"

ஏறுவன்! துடுப்பையும் எடுத்து வையுங்க. மோட்டார் நிண்டா நான் துடுப்புப் போடுறன்.

போய் வருகிறோம், வணக்கம்!