அறுபத்தெட்டா, எழுபத்தொன்றா

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நிறத்தில்தான் ஏமாறுகிறார்கள், இன்ஸ்பெக்டர். பார்க்க வேண்டியது வருஷத்தை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே முகம். ஆனால் மூன்று வருஷ இடைவெளியில் பிறந்த அக்காள் தங்கைபோல, குணம் வேறு.

உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கிளச்சில் உங்களுக்கு இன்னும் நிதானம் வரவில்லை. வாசலில் ஜீப் நின்ற குலுக்கலிலேயே வந்தது யார் என்று தெரிந்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்காருங்கள், இதில் ஒரு கால் ஆடும். மெக்கானிக் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனால் அவன் பாதியிலிருந்து சொல்லியிருப்பான். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐம்பத்தைந்து வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். எங்கள் மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கை புருஷனுக்கு, ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாக. அதில் அவர் ஏற ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும், இறங்க ஒருவர் முன்னாலிருந்து இழுக்க வேண்டும். ஆறு மாதம் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே இல்லை. கடைசியில் ஒரு புரோக்கரின் ஷெட்டில் இரண்டு வண்டி கிடைத்தன. சிவப்பு அறுபத்தெட்டாம் வருஷத்து மாடல், நீலம் எழுபத்தொன்று. தங்கையையும், வண்டியைச் சோதிக்க ஒரு மெக்கானிக்கையும், எதை எடுப்பது என்று சொல்ல என்னையும் கூட்டிப்போனார். முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளைவிட யாருக்குத் தெரியும் என்று புரோக்கரிடம் பெருமையாகவே சொன்னார்.

அறுபத்தெட்டு அழகு. மெல்லிய வெள்ளிப் பம்பர், மர ஸ்டியரிங், சின்ன வட்டமாகப் பின்விளக்குகள். எழுபத்தொன்றுக்குக் கறுப்பு ரப்பர் பம்பர், மூக்கில் கட்டுப் போட்ட மாதிரி. சீட்டுக்கு மேல் தலையணை வேறு. தங்கை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த நீலத்தையே எடுங்களேன். அந்தச் சிவப்பு என்னவோ பல்லைக் காட்டுது" என்றாள். அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் சரியாகச் சொன்னாள்.

அந்த ரப்பர் பம்பருக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. அறுபத்தெட்டில் பின்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு கோளாறானது. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் பாயும், பின்சக்கரங்கள் உள்பக்கம் மடங்கும். நிறையப் பேர் செத்த பிறகு கம்பெனிக்காரனுக்கே மனசு கேட்காமல் எழுபத்தொன்றில் மாற்றிவிட்டான். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னான்.

"சிவப்புல வளைவுல காலை எடுக்கவே கூடாது சார். எடுத்தா வண்டியோட பின்பக்கம் உங்களுக்கு முன்னால வந்து நிக்கும்."

மாப்பிள்ளை சிரித்தார். என் பக்கம் திரும்பி, "என்ன அக்கா, நான் காலை எடுக்கிற ஆளா?" என்றார்.

மெக்கானிக்கும் என்னைத்தான் பார்த்தான். சிவப்பு வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஷெட்டில் ஒருவரும் மறு பேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள்.

"நான் சொல்லிக்கொடுத்த கால். எடுக்காது" என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு அவர் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார். எல்லோருக்கும் ஏதாவது ஒரு கோளாறு இருக்கும். உங்களுக்குக் கிளச். அவருக்குப் பயம் வந்தால் கால் எழும்பிவிடும், காலடியில் எலி ஓடிய மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்து என்று உள்ளங்கையை உயர்த்தினால் போதும், இரண்டு காலும் மேலே போய், வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றுவிடும். இதே கோளாறை எத்தனையோ பேருக்கு ஒரே சாயங்காலத்தில், காலி மைதானத்தில் வைத்துச் சரிசெய்திருக்கிறேன். அவருக்குச் செய்யவில்லை.

ஏன் என்பதுபோல, எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். மூன்று டெஸ்டில் ஃபெயிலானார். ஒவ்வொரு ஃபெயிலுக்கும் இன்னும் பத்து வகுப்பு. நாற்பத்தொரு வகுப்பு எடுத்தேன். வேலை அதிகமாக இருந்த காலம், சரிசெய்ய மறந்திருப்பேன். வகுப்பு முடிந்து ஆரஞ்சு வாங்கி உரித்து, 'இந்தாங்க டீச்சர்' என்று ஆளுக்குப் பாதியாகக் கொடுப்பார். நான்காவது டெஸ்டில் தெருவில் ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை, பாஸ் பண்ணிவிட்டார். அன்றைக்கே இனிப்போடு வீட்டுக்கு வந்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அப்பாவிடம் பேசி முடித்துவிட்டார். கதவைத் திறந்தது என் தங்கை. அவளைத்தான் கேட்டார். என்னைவிட எட்டு மாதம் மூத்தவர், என்னைப் பார்த்து எழுந்து நின்று, "இனிமே உங்களை அக்கான்னுதானே கூப்பிடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் இதைச் செய்தது தங்கைக்காக.

அவள் பட்டது யாருக்கும் தெரியாது. இருபத்தாறு வருஷம் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஓட்டக் கற்றுக்கொள் என்று அவரே என்னிடம் அனுப்பியிருக்கலாம். அனுப்பினார் என்று அவள் சொல்கிறாள், தனக்குத்தான் பயமாம். வாய்விட்டுச் சிரிப்பார், ரோட்டிலிருந்து கேட்கும். பயணம் போனால் இவளுக்கு ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகக் கொடுப்பார். ஒரு பெண் எவ்வளவு காலம்தான் இதைப் பொறுத்துக்கொள்வாள்.

சிவப்பு வண்டி வந்தது. ஊர்வலம்தான் போங்கள். முதல் தடவை தூரமாக ஓட்டிப் பார்க்க எந்த ரோடு நல்லது என்று கேட்டார். குவாரி ரோடு, ஞாயிறு காலை ஏழு மணி, அன்றைக்கு லாரி வராது என்றேன். உண்மையும் அதுதான். தங்கைக்கு வளைவு வந்தால் தலைசுற்றும், அவள் வர மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க வாங்க அக்கா. பக்கத்துல உட்காருங்க, பழைய மாதிரி."

"அதுல என் பக்கம் பிரேக் இல்லையே மாப்பிள்ளை" என்றேன். அதற்கும் சிரித்தார்.

ஆம்புலன்சுக்கு முதலில் போன் செய்தது நான் எப்படி என்றுதானே கேட்க வந்தீர்கள். அங்கேதான் இருந்தேன். மூன்றாவது வளைவு, போகப்போக இறுகும் வளைவு. வண்டி வெளிப்பக்கம்தான் வீசப்படும் என்பதால் உள்பக்கம் மைல்கல் ஓரமாக நின்றேன். வகுப்புக்குப் போடும் மஞ்சள் மேல்கோட்டைப் போட்டிருந்தேன். ரோட்டில் நிற்கும்போது பாதுகாப்பு முக்கியம், அதை என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்வேன்.

நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது கியர், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பெருமையாக இருந்தது. காலை எடுக்காமல் இருந்திருந்தால் அழகாகத் திரும்பியிருப்பார். நான் உள்ளங்கையை உயர்த்தினேன்.

அவ்வளவுதான். கால் எழும்பிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் வேறு யாரும் அதைச் சரிசெய்திருக்கவில்லை. அதைக் கண்டதும் எனக்கு என்னவோ நிம்மதி. பிறகு தடுப்புச் சுவர், பள்ளம், சத்தம். மெக்கானிக் சொன்னபடியேதான் நடந்தது. கெட்டிக்காரன்.

தங்கை இப்போது என்னோடுதான் இருக்கிறாள், உள்ளே படுத்திருக்கிறாள். மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. மேஜையில் ஒரு ஆரஞ்சை வைத்துக்கொண்டு உரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பழகிவிடும், நான் பழகவில்லையா. தினம் ஒரே கேள்விதான் கேட்கிறாள். கடைசியில் ஏதாவது சொன்னாரா அக்கா என்று. இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆக, இரண்டு பொய். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

சொன்னார். வண்டி திரும்பும்போது கண்ணாடிக்குள் அவர் முகம் நேராக என்னைப் பார்த்தது, உதடு அசைந்தது. அக்கா என்று இல்லை. டீச்சர் என்று கூப்பிட்டார். அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். அது எனக்கு.