மலை இறங்கும் வண்டி

வாசலில் நிற்கும் ஏட்டையாவின் சைக்கிளில் செயின் தொங்குகிறது. பிறகு நானே இழுத்துக் கட்டித் தருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. செயின் தளர்ந்திருந்தால் மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது பல்லை விட்டு நழுவும். நிறையப் பேர் டயரை ஒரு அழுத்து அழுத்திக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. வண்டியில் மற்றதெல்லாம் தானாகவே நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் பெயர் சடகோபன். ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். காணும் பொங்கலன்று மலைப் பந்தயத்தில் செத்துப்போன பரசுராமன் என் தங்கை கோமளவல்லியின் புருஷன். விபத்து என்று முடிவாகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் வண்டியை எடுத்துப் போகலாம் என்று ஏட்டையா சொன்னார். அதற்காகத்தான் வந்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. என் கை நடுங்குவதைப் பார்க்கிறீர்கள். ஸ்பானரைப் பிடித்தால் நின்றுவிடும். மற்ற நேரத்தில் இப்படித்தான்.

நீங்கள் ஊருக்குப் புதிது. பந்தயம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் தொடங்கும். கார் ரோட்டில் மலை ஏறி, கோயில் வாசலைத் தொட்டுவிட்டு, அதே ரோட்டில் இறங்கி வர வேண்டும். எல்லாம் துணி மூட்டை கட்டுகிற சாதாரண வண்டிகள்தான். ஒரு வாரம் முன்னதாக என் கடைக்கு வந்துவிடும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைப்பேன். பின் சக்கரத்தில் பல் அதிகமுள்ள ஃப்ரீவீலாகப் போடுவேன். மேட்டில் முழங்கால் தப்பிக்கும். ரிம்மில் கோட்டம் எடுத்து, பேரிங் பால்ஸுக்குப் புது கிரீஸ் வைப்பேன். இதெல்லாம் ஏறுவதற்கு. ஏறுவதில் தவறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது இறக்கம்.

எனக்கு அது தெரியும். அறுபத்தெட்டாம் வருஷம் வரைக்கும் அந்தப் பந்தயத்தில் நான்தான் முதலில் வருவேன். அந்த வருஷம் வீரபத்திரன் என்ற மெக்கானிக் என் முன் சக்கரத்தின் நட்டை முறுக்க மறந்துவிட்டான். இறக்கத்தில் என் சக்கரம் எனக்கு முன்னால் தனியாக உருண்டு ஓடுவதைப் பார்த்தேன். பிறகு விழுந்தேன். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மலைப் படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். திருப்பதி பஸ் மலையேறித் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

படுக்கையில் கிடந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தப் பயம் விழுந்த பிறகு வந்தது. விழுவதற்கு முன்னாலேயே வந்திருந்தால் அந்த நட்டை நானே தொட்டுப் பார்த்திருப்பேன். அப்படியானால் பயம் நல்லதுதானே. எனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்காவது கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் கோதண்டம் என்ற பந்தயக்காரனின் வண்டி. சீட்டு நட்டைத் தளர்த்தி வைத்தேன். அவன் ஏறி உட்கார்ந்ததும் கண்டுபிடித்துவிட்டான். "இன்னாண்ணா, சீட்டு ஆடிகினுகீது, கவனிக்கலயா?" என்று சத்தம் போட்டான். அன்று எனக்கு ரொம்ப சந்தோஷம். அதன் பிறகு அவன் எந்த வண்டியையும் சோதிக்காமல் ஏறியதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் யாராவது ஒருவருடைய வண்டியில் சின்னதாக ஒரு குறை வைப்பேன். தேடினால் கிடைக்கிற மாதிரிதான் வைப்பேன். சிங்காரம் தேடவில்லை. அவன் பொதட்டூர்பேட்டையில் தறி நெய்தவன். இறக்கத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்து கோணலாகச் சேர்ந்தது. பிறகு தறியில் உட்கார முடியவில்லை. இப்போது மணவூர் ஸ்டேஷன் எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் போனால் அவனிடம் ஒரு சோடா குடிக்காமல் வரமாட்டேன். உயிரோடு இருக்கிறான் பாருங்கள்.

பரசுராமன் வேறு மாதிரி. பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வாரம் முழுக்க மிதிக்கிறவன். காலில் பலம் இருந்தது, மனசில் பயம் என்பதே இல்லை. போன வருஷம் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மலை இறங்கினான். ஜனங்கள் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அந்தக் காலத்துல சடகோபன்னு ஒருத்தன் இருந்தான், அவன் கூட இப்டி எறங்கல" என்று என்னிடமே சொன்னார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் ஆமாம் என்றேன். என் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அவனுக்காகப் பயந்துதான்.

இந்த மார்கழியில் கோமளா கடைக்கு வந்தாள்.

"அண்ணா, அவரு எறங்கறத என்னால பாக்கவே முடியல. நான் சொன்னா சிரிக்கிறாரு. நீ ஒருதபா சொல்லேன். கொஞ்சம் பயத்த காட்டி வையி."

இதை அவள்தான் சொன்னாள், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை அனுப்பினேன்.

போகிக்கு முந்தின நாள், கடைத்தெரு சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருந்தபோது அவன் வண்டியை எடுத்தேன். பிரேக் கட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது ரப்பர். ஒரு சின்ன இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், இன்னொரு முனை திறந்திருக்கும். சக்கரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். அப்போதுதான் ரிம் இழுக்கிற இழுப்பில் ரப்பர் அந்த முனையில் முட்டி நிற்கும். திருப்பிப் போட்டுவிட்டால் தெருவில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, பிரேக் பிடிக்கும். மலை இறக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் ரப்பர் வழுக்கி வெளியே வந்துவிடும். குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், விஷயம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். பரசுராமனுக்கு விஷயம் தெரியும்.

அன்று சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தான். மச்சானான என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"ஒருவாட்டி எல்லாத்தயும் தொட்டுப் பாத்துக்க" என்றேன்.

"நீ கை வெச்ச வண்டி பாவா. அத நான் சோதிச்சிகினு இருந்தா உன்ன நம்பலன்னு ஆவாதா?"

"நம்பறது வேற. பிரேக்க பாரு."

"நீ பாத்துட்ட இல்ல?"

"ஆங், பாத்துட்டேன்."

"அப்புறம் இன்னா?" என்று சிரித்தான். ஏறிப் போய்விட்டான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் என்னைவிடப் பயந்தவன் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டான். அவன் கண்டுபிடிக்காமல் போய்விடுவானோ என்று பயந்தேன். கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவானோ என்றும் பயந்தேன்.

பந்தயத்தன்று நான் ஸ்டேஷன் வாசலில் நிற்கவில்லை. காலையிலேயே சுவரைப் பிடித்துப் பிடித்து மலை ஏறி, பெரிய வளைவில் போய் நின்றேன். கீழே பாறை. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அங்கே வேறு யாரும் இல்லை. எல்லோரும் முடிவுக் கோட்டில் இருந்தார்கள். ஏறும்போது அவன் என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். அப்போதும் சொல்லியிருக்கலாம், மேட்டில் நடக்கிற வேகத்தில்தான் போனான்.

இறங்கும்போது முதலில் அவன் வண்டியின் சத்தம் கேட்டது. ரப்பர் இல்லாத இரும்பு ரிம்மில் உரசுகிற சத்தம். வளைவுக்கு மேலே திரும்பினான். பிரேக்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "பாவா" என்று கூப்பிட்டான். ஒரே ஒரு தடவை. அவன் முகத்தில் பயம் இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவுடன் எனக்கு உடம்பு இளகியது. பல வருஷத்துக்குப் பிறகு, ஸ்பானர் பிடிக்காமலே என் கை நடுங்காமல் இருந்தது. அதற்குள் அவன் சுவரைத் தாண்டிவிட்டான்.

ரோட்டில் கிடந்த ரப்பர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். அன்று சுவரைப் பிடிக்காமலே இறங்கினேன். அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன பிறகு கோமளா கேட்டாள், "அண்ணா, நீ சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன்மா. பிரேக்க பாருன்னு சொன்னேன்."

"நீ சொல்லியும் கேக்கலயே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அதில் முகத்தை வைத்து அழுதாள். அதன் பிறகு மறுபடி நடுக்கம் வந்துவிட்டது.

நேற்று அவள் வந்தாள். பரசுராமனின் தம்பி ஆனந்தன் இனிமேல் துணி மூட்டை எடுத்துப் போகப் போகிறானாம். "போலீஸ்கிட்டேந்து வண்டிய வாங்கி நீயே சரி பண்ணி குடுண்ணா. வேற எவன் கையிலயும் குடுக்காத. ஆனந்தனும் அவரு மாதிரியேதான், எறக்கத்துல பிரேக்கே புடிக்க மாட்டேங்கிறான்" என்றாள்.

சரி என்றேன். அவள் போன பிறகு டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்து வைத்தேன். ஸ்பானரைக் கீழே வைத்த பிறகும் என் கை நடுங்கவில்லை. அதைப் பார்த்ததும் இருக்கிற பயமெல்லாம் ஒன்றாக வந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன். வண்டியை என்னிடம் கொடுக்காதீர்கள், ஐயா. ஆனந்தன் நல்ல பையன்.

முன் பிரேக்கில் பழைய ரப்பர் கழன்றதால் விபத்து என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. முற்றத்தில் கிடக்கும் வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பின் சக்கரத்தையும் பாருங்கள். அங்கேயும் கூடு திரும்பித்தான் இருக்கும். மற்றவர்கள் வண்டியில் ஒரே ஒரு குறைதான் வைப்பேன். இவன் வண்டியில் இரண்டையும் திருப்பினேன். முன்னதை மட்டும் திருப்பியிருந்தால் பின் பிரேக்கைப் பிடித்து நிறுத்தியிருப்பான், சிரித்துக்கொண்டே என் கடைக்கு வந்திருப்பான். அவனுக்குப் பயமே வந்திருக்காது.